போயா நாள் ஓட்டம்

“ஓட வேண்டி வந்தா, எங்க ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு ஓடுவீங்களா தாத்தா?”

நிரோஜா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. இராமநாதன் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலை அடுத்த வீட்டுப் பரிமளம் வாசலில் நின்று எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரக் கதையைச் சொல்லியிருந்தாள். கடைகள் எரிந்ததையும், சனங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹந்தானை மலைமேல் ஓடி ஒளிந்ததையும் அவள் சொல்லச் சொல்ல, நிரோஜா தம்பியோடு சிரட்டையில் சோறு சமைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாடிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறாள்.

“ஏன் ஓடாம? நல்லா ஓடுவேன்” என்றார் இராமநாதன்.

“படியேறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குதே” என்றாள் பிள்ளை. கேலியாகச் சொல்லவில்லை. கவலையோடுதான் சொன்னாள்.

அவர் பின்னலின் நுனியில் ரிப்பனைக் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது.

அறுபத்துமூன்று வயது அவருக்கு. கண்டி மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் முப்பத்தைந்து வருடம் குழாய் பூட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருடமாயிற்று. மருமகன் தியாகராஜா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். ஒருநாள் பொலிசார் அவன் தங்கியிருந்த விடுதியைச் சுற்றிவளைத்துப் பிடித்த பதினெட்டுப் பேரில் அவனும் ஒருவன். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. களுத்துறைச் சிறையில் இருந்தான். அவனை வெளியே எடுப்பதற்காக மகள் சுந்தரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆறு வயது நிரோஜாவும் மூன்று வயதுக் கபிலனும் ஹந்தானை அடிவாரத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் தாத்தாவோடு இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்துமூன்றில் அவரே ஓடியவர்தான். நோயாளி மனைவியைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. நடுவழியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுச் சிங்களவர் இருவர் அவளைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்து தங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். அப்படி உட்கார்ந்துபோனதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பிள்ளை கேட்டுவிட்டாள்.

இளவயதில் இராமநாதன் பேர்போன ஓட்டக்காரர். மாநகர சபை விளையாட்டுப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர். முப்பத்துநாலு வயதில் விட்டதை இப்போது மறுபடி தொடங்கினார். மருமகனின் பழைய கான்வஸ் சப்பாத்தைக் கடதாசி வைத்து இறுக்கிப் போட்டுக்கொண்டார். விடியற்காலையில், பரிமளம் எழுந்து அடுப்பு மூட்டியதும், “பிள்ளைங்கள ஒரு காது குடுத்துப் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார். முதல் வாரம் இரண்டாவது விளக்குக் கம்பம் வரைக்கும்தான் ஓட முடிந்தது. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குளத்தடியில் தேநீர்க் கடை வைத்திருந்த அஸீம் அவரைப் பார்த்து, “என்ன அண்ணே, பஸ்ஸ விட்டுட்டீங்களா?” என்றார். மறுநாள், “இண்டைக்கும் விட்டுட்டீங்களா?” என்றார். ஒரு மாதம் போனபின் பகடியை நிறுத்திவிட்டு, அவர் திரும்பி வரும் நேரத்துக்கு ஒரு கோப்பை வெந்நீர் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

அந்த வருடம் தைமாதத்தில், புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகை முன்னால் குண்டு வெடித்ததிலிருந்து ஊரின் முகமே மாறியிருந்தது. குளக்கரைச் சாலையில் தடுப்புப் போட்டு இராணுவமும் பொலிசும் நின்றார்கள். இராமநாதன் தடுப்புக்கு நூறு கஜம் முன்னாலேயே திரும்பிவிடுவார். அங்கே நின்றவர்களுக்கு அவரைத் தெரியும். “துவன சீயா” என்று அவருக்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஓடுகிற தாத்தா என்று அர்த்தம்.

அவர் திரும்புகிற மூலையில் ஹீன் மெனிக்கே என்ற பெண் தாமரைப் பூ விற்பாள். ஐம்பது வயதிருக்கும். இராமநாதன் தினமும் அவளுக்குக் கைகூப்பி, “ஆயுபோவன்” என்பார். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பூவைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். தமிழன் என்பதால் வெறுப்பாக்கும் என்று அவர் நினைத்தார். ஆனாலும் கைகூப்புவதை நிறுத்தவில்லை. வணக்கம் என்பது பதிலுக்காகச் சொல்வதல்ல என்று அவருடைய தகப்பனார் பழக்கியிருந்தார்.

ஐந்து மாதம் ஒருநாள்கூட விடாமல் ஓடினார். ஒரு நாள் விட்டாலும் கால் மறந்துவிடும், அந்த நாளில்தான் ஏதாவது நடக்கும் என்று ஒரு பயம் மனதில் ஏறியிருந்தது. நல்ல காரியமும் சில நேரம் பிடிவாதமாக முற்றிவிடுகிறது. அவருக்கும் அப்படித்தான் நேர்ந்தது.

அது ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. பரிமளம் தம்பி மகளின் சடங்குக்காக முந்தின நாளே தெல்தெனியவுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஓடியிருக்கக் கூடாது. அது அவருக்கே தெரியும். வாசலில் நின்று யோசித்தார். பிள்ளைகள் ஆறரைக்கு முன்னால் எழுவதில்லை, நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னார். கபிலனுக்கு இருட்டென்றால் பயம். அதனால் குப்பி விளக்கை ஏற்றி அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். கதவை வெளியே ஆமைப் பூட்டால் பூட்டினார்.

சாவியை எங்கே வைப்பது? கால்சட்டையில் பை இல்லை. அடையாள அட்டையும், வீட்டில் இருப்பவர்களின் பெயர் எழுதிப் பொலிசில் முத்திரை குத்திய தாளும் எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். இரண்டும் இல்லாமல் தமிழர் யாரும் தெருவில் இறங்குவதில்லை. அன்றைக்குச் சாவியையும் சேர்த்து மூன்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மடித்தார். விழுந்துவிடக் கூடாதே என்று பழைய வேட்டிக் கிழிசலால் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அதன்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

தடுப்பில் அன்றைக்குப் புது ஆட்கள். போயா என்பதால் காவலையும் கூட்டி, தடுப்பை அவர் வழக்கமாகத் திரும்புகிற மூலைக்கே நகர்த்தி வைத்திருந்தார்கள். மெல்லிய பனி. வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. விசில் ஊதினார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, வழக்கம்போலக் கையை உயர்த்திச் சிரித்தபடி இன்னும் நாலு எட்டு ஓடினார். அதற்குள் இரண்டு துப்பாக்கிகள் அவருடைய வயிற்றைப் பார்த்தன. அப்போதுதான் குனிந்து பார்த்தார். சட்டைக்கு அடியில், இடுப்பைச் சுற்றி, ஒரு கட்டு புடைத்துத் தெரிந்தது.

அட்டை தவறிப்போனால் பிடித்துக்கொண்டு போவார்களே என்று பயந்து கட்டிய கட்டு அது. அந்தக் கட்டுக்காகவே பிடிபட்டார்.

முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். கையைத் தலைமேல் வைக்கச் சொன்னார்கள். தூரத்தில் நின்று சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்துத் தானே தரையில் வைத்துவிட்டுப் பின்னால் தவழ்ந்து போகச் சொன்னார்கள். எல்லாம் செய்தார். பொலித்தீன் பைக்குள் அட்டையும் தாளும் சாவியும் தவிர ஒன்றுமில்லை என்று கண்டதும் ஒரு சிப்பாய் சிரித்தே விட்டான். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

சார்ஜன் தாளை விரித்துப் பார்த்தார். ஐந்து பெயர் இருந்தது. தியாகராஜா எங்கே என்று கேட்டார். கொழும்பில் வேலை செய்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். இராமநாதனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“களுத்துறை மறியல்ல இருக்கார் ஐயா. விசாரணைக்குப் பிடிச்சாங்க. இன்னும் முடியல.”

சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். சார்ஜன் வயர்லெஸ்ஸை எடுத்தார். இன்ஸ்பெக்டர் வரும்வரை அனுப்ப முடியாது என்று பதில் வந்தது.

அப்போதுதான் இராமநாதனுக்கு உயிர் பதறியது. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், வெளியே பூட்டியிருக்கிறது, தரையில் விளக்கு எரிகிறது என்று சிங்களத்தில் சொன்னார். முதலில் நிதானமாகச் சொன்னார். பிறகு கெஞ்சினார். ஒரு சிப்பாயை அனுப்புங்கள், இரண்டு பேரை அனுப்புங்கள், என்னைக் கட்டியே கூட்டிப் போங்கள் என்றார். அங்கே போகச் சொல்லிக் கதவில் குண்டு ஏதாவது வைத்திருப்பான் என்று இளம் சிப்பாய் ஒருவன் சொன்னான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வருடம் அப்படித்தான் எல்லாரையும் ஆக்கியிருந்தது.

இவரைத் தெரியுமா என்று மெனிக்கேயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் இராமநாதனை ஏற இறங்கப் பார்த்தாள். தினமும் இங்கே ஓடுகிறவர், வேறொன்றும் தெரியாது என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மை அவருக்கு உதவவில்லை.

அவர் அவள் பக்கம் திரும்பினார். கை தலைமேல் இருந்ததால் கும்பிடவும் முடியவில்லை.

“சின்னவனுக்கு மூணு வயசும்மா. விளக்குல கை வைப்பான்.”

அவள் தன் பூக்கூடையைப் பார்த்தாள். வெளுத்துக்கொண்டு வந்த கிழக்கைப் பார்த்தாள். பிறகு சார்ஜனிடம் போய்ச் சாவியைத் தரச் சொல்லிக் கேட்டாள். வெடித்தால் என்ன செய்வாய் என்று இளம் சிப்பாய் கேட்டான்.

“வெடிச்சா நான்தானே போவேன். நீ பயப்படாத” என்றாள்.

சார்ஜன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த சாவியை ஒரு விரலால் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இராமநாதன் வீட்டுக்கு அடையாளம் சொல்ல, அவள் அதை எடுத்துக்கொண்டு ஹந்தானைச் சாலையில் நடந்தாள். நடந்தவள் வளைவில் ஓடத் தொடங்கியதை ஜீப்பில் ஏற்றப்படும்போது இராமநாதன் பார்த்தார். போய்ச் சேர்ந்தாளா என்று பார்க்க முடியவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போயா என்பதால் மாநகர சபை மூடியிருந்தது. அவரை யாரென்று சொல்லக்கூடிய அதிகாரிகள் யாரும் அன்று வேலையில் இல்லை. அவருடைய பகுதிக் கிராம சேவகரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அவர் வெள்ளை உடுத்து விகாரையில் சில் எடுத்து விரதம் இருக்கிறார், மாலைவரை எழுந்து வரமாட்டார் என்று ஆள் திரும்பி வந்தான்.

அந்தப் பகலை இராமநாதன் எப்படிக் கழித்தார் என்று சொல்வது கடினம். சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. ஆறரை மணிக்கு, ‘இப்போது எழுந்திருப்பார்கள்’ என்று நினைத்தார். ஏழு மணிக்கு, ‘கதவைத் தட்டுவார்கள்’ என்று நினைத்தார். அதற்குப் பிறகு நினைக்கப் பயந்தார். தெருவில் ஏதோ வண்டி மணியடித்துப் போனபோது எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லித் தோளில் தட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். அது அப்படியே ஆறிப்போனது. பிள்ளையாரை நினைத்தார். ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. பூட்டியது தன் கை, விளக்கை வைத்தது தன் கை. பிள்ளைகளைக் காப்பாற்றவே ஓடத் தொடங்கி, ஓட்டத்துக்காகவே பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவன் எந்த முகத்தோடு கேட்பது? ‘என்னை எடுத்துக்கொள், அதுகளை விட்டுவிடு’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நெற்றியைச் சுவரில் சாய்த்துச் சொன்னார். மத்தியானம் தாண்டியபின் அதையும் சொல்லத் தெம்பில்லை.

நாலு மணிக்குக் கிராம சேவகர் அந்த வெள்ளை உடுப்போடேயே வந்தார். இவரை இருபது வருடமாகத் தெரியும், என் வீட்டுக் குழாயும் இவர் பூட்டியதுதான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். இராமநாதன் நன்றி சொல்லவும் நிற்கவில்லை. ஓடினார்.

குளக்கரையைச் சுற்றி, மேட்டுச் சாலையில் ஏறி, நிற்காமல் ஓடினார். பின்னாலிருந்து யாராவது சுட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டார். வீட்டுத் திருப்பத்தில் தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அங்கேதான் தடுக்கி விழுந்தார். மண்ணில் கையூன்றி எழுந்து, மிச்ச தூரத்தைத் தள்ளாடிக் கடந்தார்.

கதவு திறந்திருந்தது. வாசற்படியில் மெனிக்கே உட்கார்ந்திருந்தாள். மடியில் கபிலன் தூங்கினான். அவனுடைய வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. நிரோஜா அவளுடைய முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முற்றத்தில் பாதி கருகிய பாய் கிடந்தது. பையன் விளக்கைத் தட்டியிருக்கிறான். பாயில் பற்றிய நெருப்பு அலுமாரித் திரைக்கு ஏறும்போது இவள் கதவைத் திறந்திருக்கிறாள். நிரோஜா தம்பியை இழுத்துக்கொண்டு பின் மூலையில் குந்தியிருந்தாளாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் புகையே போதும்.

இராமநாதன் படியில் விழுந்து பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மெனிக்கே அழவிட்டாள். பிறகு ஒரே ஒரு தடவை கடிந்தாள்.

“விளக்க எரியவிட்டுட்டுப் பூட்டுவாங்களா சீயா? ஓட்டம் நாளைக்கும் ஓடலாம்.”

பையனை அவர் கையில் கொடுத்தாள். கையை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பாண் வாங்கிக் கொடுத்திருந்தாள், அதற்கும் காசு வாங்க மறுத்தாள். சேலையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு இராமநாதன் ஓடவில்லை. கான்வஸ் சப்பாத்தை அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார். நன்றி சொல்ல இரண்டு தரம் குளத்தடிக்குப் போனார். மெனிக்கே பழையபடி பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். விஷயத்தை அஸீம்தான் ஒருநாள் சொன்னார்.

அவளுக்கு ஒரே மகன். பந்துல என்று பெயர். பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போனவன் இரண்டு வருடமாகக் காணவில்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. மகனுக்காக அவள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். தொடர்ந்து ஏழு போயாவுக்கு, சூரியன் உதிக்க முன்னம், மேட்டிலே இருக்கிற அரச மரத்துக்குப் பீலி ஊற்றிலிருந்து ஏழு குடம் தண்ணீர் ஊற்றி, அன்றைய முதல் தாமரையை வைத்துக் கும்பிட வேண்டும். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“அண்டைக்கு ஏழாவது” என்றார் அஸீம். “ஏழு குடமும் ஊத்தி முடிஞ்சி. முதல் பூவக் கொண்டுபோய் வைக்கப் போகக்குள்ளதான் தடுப்புல பூக்கூடையப் பரிசோதிக்க வச்சிட்டாங்க. அது முடிஞ்சி போறத்துக்கு நிண்டா. அந்த நேரத்துலதான் உங்கட சாவி. அவ ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல. இப்ப மறுபடி ஒண்டுலேருந்து தொடங்கி ஈக்கிறா.”

இராமநாதன் வெந்நீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அன்று அவள் பூக்கூடையைப் பார்த்ததும், கிழக்கைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது வழி நெடுகிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். காணாமல் போன ஒருவனுக்குத் தாய் வைத்திருந்த நம்பிக்கையின் கடைசிப் படியை எடுத்து, பூட்டிய வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அவள் போட்டுவிட்டாள். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இன்னும் இரண்டு போயா கழிந்தது. பூ விற்கும் மூலை வெறுமையாகக் கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து மெனிக்கேயின் கால் முறிந்துவிட்டது, தெல்தெனிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அஸீம் சொன்னார். வருகிற போயா நாலாவது, போக முடியாதே என்று அழுதாளாம்.

அந்தப் போயாவன்று ஐந்து மணிக்குப் பரிமளம் எழுந்து அடுப்பு மூட்டியதும், இராமநாதன் பிள்ளைகளைத் தூக்கத்தோடேயே கொண்டுபோய் அவளுடைய பாயில் கிடத்தினார். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். கோவிலுக்கு என்றார். அது பொய்யில்லை என்று அவர் நினைத்தார். ஒரு சின்னக் குடத்தையும், முந்தின நாள் சந்தையில் வாங்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்த ஒரு தாமரை மொட்டையும் எடுத்துக்கொண்டார். அடையாள அட்டை சட்டைப் பையில், வெளியே தெரிகிறமாதிரி இருந்தது. சப்பாத்தைப் போட்டபோது கால் அதை அறிந்துகொண்டது.

பீலி பள்ளத்தில் இருந்தது. மரம் மேட்டில் இருந்தது. இடையில் நாற்பது படியும் ஒரு சரிவும். மெனிக்கே நாலு மணிக்கே வந்து மெல்ல மெல்லச் சுமப்பாளாம். அவருக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் ஓடினார். இறங்கும்போதும் ஓடினார், குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறும்போதும் ஓடினார். முதல் இரண்டும் இலேசாக முடிந்தன. மூன்றாவதில் மூச்சு குறுகியது. ஐந்தாவதில் படியில் வழுக்கி, பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. பாதிக் குடத்தை அவள் ஊற்றியிருக்க மாட்டாள் என்று நினைத்துத் திரும்ப இறங்கி நிரப்பிக்கொண்டு வந்தார். மலைமேல் வானம் சாம்பல் நிறமாயிற்று. ஆறாவதில் முழங்காலுக்குள் ஏதோ கிழிந்தது போல வலித்தது. நொண்டிக்கொண்டே ஓடினார்.

ஏழாவது குடத்தை ஊற்றும்போது ஹந்தானையின் விளிம்பை இன்னும் வெயில் தொடவில்லை. பௌத்தர்களுடைய பாளிச் சுலோகம் அவருக்குத் தெரியாது. ஈர மண்ணில் தாமரையை வைத்தார். அரச மரம் அவருக்கும் அந்நியமில்லை.

“பந்துலவோட அம்மா கால் முறிஞ்சி கெடக்கு சாமி” என்றார். “இது அவங்க ஊத்துன தண்ணி. நான் சுமந்தேன், அவ்வளவுதான். அந்தப் புள்ள எங்கருந்தாலும் அதுக்கு ஒரு கதவு தொறக்கணும்.”

சுற்றிலும் ஒருவரும் இல்லை. குடத்தைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டார். பரிமளத்தின் வீட்டில் கபிலன் எழுந்துவிடும் நேரம். இடது காலை மெல்ல ஊன்றிப் படியிறங்கத் தொடங்கினார்.